யூத வேதம் கற்ற நாவலர்

பொழிச்சலூர் அகத்தீசுவரர் கோயிலில் சனிக்கிழமைதோறும் விளக்கேற்றிக் கும்பிடக் கூட்டம் கூடுகிறது. விளக்கும் தூபமும் நைவேத்தியமும் வீண் சடங்கு என்று பாதிரிமார் ஏசிய காலம் ஒன்று உண்டு. யூதர்களின் வேதத்தைக் கொண்டே அதற்குப் பதில் சொன்னவர் ஆறுமுக நாவலர்.

1822-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்தார். பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியர் ஆனார். பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது துணை நின்றவர் இந்தச் சைவ இளைஞரே.

பைபிளின் பழைய ஏற்பாடு யூதர்களின் வேதம். பிறர் வேதம்தானே என்று நாவலர் ஏனோதானோவென்று எழுதவில்லை. சென்னையில் மகாலிங்கையர் அந்தத் தமிழை மெச்சினார் என்று நாவலரின் சரித்திரம் எழுதியோர் கூறுகின்றனர்.

ஆனால், அந்த நூல் எதற்கு? தம் ஊராரை மதம் மாற்ற! சம்பளம் ஒரு பக்கம், மனச்சாட்சி ஒரு பக்கம். 1848-ல் வேலையை உதறினார். வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் கண்டார். மொழிபெயர்ப்பு 1850-ல் சென்னையில் அச்சாயிற்று.

1854-ல் வந்தது 'சைவ தூஷண பரிகாரம்'. எருசலேம் ஆலயத்தில் யூதர்கள் ஏற்றிய விளக்கு, இட்ட தூபம், படைத்த காணிக்கை எல்லாவற்றையும் பழைய ஏற்பாட்டிலிருந்தே எடுத்துக் காட்டினார். உங்கள் வேதம் விதித்ததை நாங்கள் செய்தால் மட்டும் குற்றமா என்பது அவர் வாதம். ஏசுவுக்குப் பின் அச்சடங்குகள் ஒழிந்தன என்பது பாதிரிமார் கட்சி. வேதத்துக்குச் சொந்தக்காரரான யூதர் என்ன பொருள் கொண்டார்கள் என்று இரு தரப்பாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அது ஒரு குறையே.

நாவலர் 1879 டிசம்பர் 5-ந் தேதி காலமானார்.