எண்ணெய் கேட்காத கடிகாரம்: ஓர் ஆசாரி கடலை ஜெயித்த கதை!

கையால் கடைந்த மரப் பேனாக்களின் ரீல்ஸைப் பார்த்திருப்பீங்க. லேத்தில் ஒரு மரத்துண்டு சுழலும், உளி பட்டதும் சுருள் சுருளாகச் சீவல் பறக்கும், கடைசியில் பளபளன்னு ஒரு பேனா வரும். அந்தப் பேனா கடைபவர்கள் ஆசையாகத் தேடும் மரங்களில் ஒன்று, லிக்னம் விட்டே. கரீபியன் பக்கம் வளரும் மரம். நம்ம ஊர் கருங்காலியைவிடக் கனமானது. தண்ணீரில் போட்டால் நேராக மூழ்கிவிடும்.

இந்த மரத்தில் ஒரு தொல்லை உண்டு. உள்ளேயே எண்ணெய் ஊறியிருப்பதால் பசை சரியாக ஒட்டாது. உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டுவதற்கு முன் அசிட்டோன் போட்டுத் துடைக்க வேண்டும். பேனா செய்பவருக்குத் தலைவலியான இதே எண்ணெய்தான், சுமார் 300 வருடங்களுக்கு முன் ஒரு ஆசாரியின் வாழ்க்கையையே மாற்றியது. அவர் பெயர் ஜான் ஹாரிசன்.

1693-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். அப்பா தச்சர், மகனும் தச்சர். கடிகாரத் தொழிலை யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. ஆனால் 20 வயதிலேயே, கைக்குத் தெரிந்த மரத்தை வைத்தே ஒரு பெரிய கடிகாரம் செய்துவிட்டார்.

அந்தக் காலக் கடிகாரங்களின் பெரிய எதிரி எது தெரியுமா? அதில் விடும் எண்ணெய்தான். குளிரில் கெட்டியாகும், நாள்பட்டால் பிசுக்காகும், நேரம் தப்பும். ஹாரிசன் யோசித்தார். எண்ணெயைத் தானே வைத்திருக்கும் மரம் இருக்கும்போது, வெளியிலிருந்து எதற்கு ஊற்றணும்? 1722 வாக்கில் பிராக்கில்ஸ்பி பார்க் என்ற மாளிகைக்கு அவர் செய்த கடிகாரத்தில், உராயும் பாகங்களை லிக்னம் விட்டேயில் கடைந்து வைத்தார். சொட்டு எண்ணெய்கூட வேண்டாம். அது இன்றும் ஓடுகிறது!

இப்போ கதை கடலுக்குப் போகுது. அன்றைய கப்பல்களுக்கு, கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதே தெரியாது. 1707-ல் சில்லி தீவுகளின் பாறைகளில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மோதி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1714-ல் நாடாளுமன்றம், தீர்க்கரேகையைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு என்று அறிவித்தது.

கணக்கு சிம்பிள். பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழலும். புறப்பட்ட ஊரின் நேரம் கையில் இருந்தால், நடுக்கடலின் உச்சிவேளையோடு ஒப்பிட்டு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆடும் கப்பலில், மாறும் வெயிலில் அந்த நேரத்தைக் காட்டும் கடிகாரம்தான் இல்லை.

ஹாரிசன் இறங்கினார். முதல் கடல் கடிகாரம் 34 கிலோ. மரச் சக்கரங்கள், லிக்னம் விட்டே உருளைகள். 1736-ல் லிஸ்பன் வரை கப்பலில் போனார். திரும்பும் வழியில் மாலுமிகள் ஓர் இடத்தைத் தப்பாக அடையாளம் சொல்ல, ஹாரிசனின் கணக்கு சரியாக இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருக்கே அது திருப்தி தரவில்லை. இரண்டாவது செய்தார். மூன்றாவதுக்கு மட்டும் சுமார் 19 வருடங்கள்!

அப்புறம் ஒரு யூ-டர்ன். பெரிய கடிகாரத்தை விட்டுவிட்டு, 13 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வாட்ச் செய்தார். அதுதான் ஹெச்4. 1761-ல் அவர் மகன் வில்லியம் அதை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார். 81 நாள்களில் அது இழந்தது சுமார் 5 விநாடிகள் மட்டுமே.

ஜெயிச்சாச்சு என்றுதானே நினைக்கிறீங்க? பரிசுக் குழு அதை அதிர்ஷ்டம் என்றது. பார்படாஸுக்கு இன்னொரு சோதனை வைத்தார்கள். அதிலும் ஜெயித்தார். ரகசியங்களை எல்லாம் வெளிப்படுத்திய பிறகு 10,000 பவுண்டு கொடுத்தார்கள். மீதிக்கு, இன்னும் செய்து காட்டு என்றார்கள். கடைசியில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவருடைய அடுத்த வாட்ச்சைத் தானே சோதித்துப் பார்த்து அவர் பக்கம் நின்றார். 1773-ல் நாடாளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தபோது ஹாரிசனுக்கு 80 வயது. மூன்று வருடத்தில், 1776 மார்ச் 24-ல் காலமானார்.

உங்கள் மொபைலில் மேப்ஸைத் திறந்தால் நீலப் புள்ளி தெரியுதே, அதற்குப் பின்னாலும் இதே யோசனைதான். செயற்கைக்கோள்களில் துல்லியமான கடிகாரங்கள் இருக்கின்றன. நேர வித்தியாசத்தை வைத்துத்தான் நீங்கள் நிற்கும் இடத்தை போன் கணக்கிடுகிறது.

லண்டனில் உள்ள கிரீனிச் ஆய்வகத்துக்குப் போனால் அவருடைய முதல் மூன்று கடல் கடிகாரங்களும் டிக் டிக் என ஓடுவதைப் பார்க்கலாம். ஜெயித்துக் கொடுத்த ஹெச்4 மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. காரணம், அதற்கு எண்ணெய் வேண்டும், ஓடினால் தேய்ந்துவிடும்.

அடுத்தமுறை மரப் பேனா ரீல்ஸ் வந்தால், அந்த லேத் பக்கத்தில் இந்த ஆசாரியையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்க!