நூலகம் கேட்டதற்குக் கைது: நேபாளத்தின் மகாகவி தேவ்கோட்டா யார்?

ஊருக்கு ஒரு நூலகம் வேணும்னு கேட்டா கைது செய்வாங்களா? 1930-ல் காத்மாண்டுவில் அதுதான் நடந்தது. பொது நூலகம் திறக்க முயன்ற இளைஞர்களை ராணா அரசு கைது செய்து அபராதம் விதித்தது. அவர்களில் ஒருவர் இளைஞர் லட்சுமி பிரசாத் தேவ்கோட்டா. பின்னாளில் நேபாளமே மகாகவி என்று கொண்டாடிய அதே தேவ்கோட்டா.

அரசுக்கு ஏன் பயம்?

தேவ்கோட்டா படித்த தர்பார் உயர்நிலைப் பள்ளி, 1854-ல் ராணா குடும்பத்துப் பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டது. சாதாரண மக்களுக்கு அதன் கதவு திறக்கப் பல ஆண்டுகள் ஆனது. மக்கள் படித்தால் கேள்வி கேட்பார்கள் என்பதுதான் ஆட்சியாளர்களின் கணக்கு. ராணா ஆட்சி 1951-ல் முடிந்தபோது, நேபாளத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான்.

படிக்காதவருக்கும் ஒரு புத்தகம்

1936-ல் வந்தது 'முனா மதன்'. பண்டிதர்கள் மதிக்காத 'ஜ்யாவ்ரே' என்ற நாட்டுப்புற மெட்டில் அதை எழுதினார் தேவ்கோட்டா. பள்ளிக்கூடமே போகாதவர்களும் காதால் கேட்டு, பாடிப் பழகிக்கிட்டாங்க.

கதை சிம்பிள். மனைவி முனா தடுத்தும், சம்பாதிக்க லாசாவுக்குப் போகிறான் மதன். திரும்பும் வழியில் நோயில் விழுகிறான். கூட வந்தவர்கள் விட்டுட்டுப் போயிடறாங்க. காப்பாற்றுவது, அன்றைய சாதி அடுக்கில் தாழ்வாகப் பார்க்கப்பட்ட திபெத்திய வம்சாவளி 'போட்டே' ஒருவர். மனிதனை உயர்த்துவது சாதியல்ல, மனசு என்று மதனுக்குப் புரிகிறது. ஆனால் வீடு திரும்பும்போது முனா உயிரோடு இல்லை.

சாதி வித்தியாசம் சட்டமாகவே இருந்த நாட்டில், தாழ்த்தப்பட்டவர் பக்கம் நின்று யோசிக்க வைத்தது இந்தக் கதை.

கடைசி நாட்கள்

தேவ்கோட்டாவின் வாழ்க்கை சுலபமாக இல்லை. வீட்டுச் செலவுக்கு டியூஷன் எடுத்தார். 1939-ல் ராஞ்சி மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். 1947-ல் காசிக்குப் போய் ராணா ஆட்சியை எதிர்த்து எழுதினார். 1957-ல், நூலகம் கேட்டுக் கைதானவரே நாட்டின் கல்வி அமைச்சர் ஆனார். ஆனால் சில மாதங்கள்தான்.

1959 செப்டம்பர் 14-ல் புற்றுநோயால் இறந்தார். தன் படைப்புகள் எல்லாம் எரிந்தாலும் முனா மதன் மட்டும் மிஞ்சட்டும் என்று அவர் சொன்னதாக நேபாளத்தில் இன்றும் சொல்வார்கள்.

இப்போது லாசாவுக்குப் பதில் கத்தார், மலேசியா. குடும்பத்தை விட்டுப் பிழைக்கப் போகும் நேபாள இளைஞர்களுக்கு, முனா மதன் இன்னும் பழைய கதை ஆகிவிடவில்லை.