மண்ணை அளந்த பேராசிரியர் கார்ல் டெர்சாகி

இராசபாளையத்திலிருந்தோ திருவில்லிபுத்தூரிலிருந்தோ மேற்கே மலையடிவாரம் நோக்கிச் சென்றால் செம்மண்ணைக் காண்கிறோம். கிழக்கே சென்றால் கரிசல் விரிகிறது. மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் கரிசலின்மேல் எழுப்பிய சுவர் வெடிப்பதை இவ்வட்டாரத்தார் யாவரும் அறிவர். கண்மாய்க் கரைக்கு மண் வெட்டிச் சுமந்த நம் முன்னோர், எம்மண் நிற்கும், எம்மண் நீர் கண்டால் சரியும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். அதனைக் கல்வி என்று மதித்தவர் இலர். மேலை நாடுகளிலும் நிலை பெரிதும் வேறன்று. இரும்புக்கும் கல்லுக்கும் நுட்பமாகக் கணக்கு வகுத்த பொறியியலார், அவை நிற்கும் மண்ணைப் பற்றிப் பெரும்பாலும் ஊகத்தாலேயே முடிவு செய்துவந்தனர். இக்குறையை நீக்கி மண் விசையியல் என்னும் துறையை நிலைநாட்டியவர் கார்ல் டெர்சாகி.

இவர் 1883 அக்டோபர் 2 ஆம் நாள் பிராகு நகரில் படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். கண்பார்வைக் குறைவால் கடற்படையில் சேரும் ஆசை நிறைவேறவில்லை. கிராசு நகரில் இயந்திரப் பொறியியல் பயின்றபோது, குறும்பு மிகுதியால் கல்லூரியை விட்டே நீக்கப்படும் நிலைக்கு ஆளாகித் தப்பினார். 1912 இல் முனைவர் பட்டம் பெற்றதும் அமெரிக்கா சென்று, அணைகள் எழும் இடங்களையெல்லாம் சுற்றிக் குறிப்பெடுத்தார். கைப்பொருள் கரைந்தபின் துளையிடும் பணியில் கூலியாளாகவும் உழைத்தார். குறிப்புகள் குவிந்தனவேயன்றி விதி ஒன்றும் கிட்டவில்லை. அத்தோல்வியே அவருக்கு ஆசானாயிற்று என்பது நம் கருத்து. கண்டதை எழுதினால் போதாது, அளக்க வேண்டும் என்று தெளிந்தார்.

1916 இல் கான்சுடாண்டிநோபிளில் ஆசிரியப் பணி ஏற்றார். போரில் துருக்கி தோற்றதும் அவ்வேலை பறிபோக, அந்நகரில் அமெரிக்கர் நடத்திய இராபர்ட் கல்லூரியில் குறைந்த ஊதியத்தில் அமர்ந்தார். ஆய்வுக்கூடம் என ஒன்றில்லை. சுருட்டுப் பெட்டிகளையும் கல்லூரிக் குப்பைமேட்டில் பொறுக்கிய பொருள்களையும் கொண்டு தாமே கருவிகள் அமைத்தார். ஓர் அறிவியல் துறை பிறந்த தொட்டில் அதுதான்.

ஆங்கு அவர் கண்டது யாது? நீரூறிய களிமண்மேல் பாரம் ஏற்றினால், முதலில் அதனைத் தாங்குவது துகள்களின் இடையே அடைபட்ட நீரே. நீர் மெல்லக் கசிந்து வெளியேற வெளியேறப் பாரம் துகள்களுக்கு மாறுகிறது, மண் அமுங்குகிறது. படிவத்தின் கனம் இருமடங்கானால் அதற்குரிய காலம் நான்கு மடங்காகும். கட்டி முடித்துப் பல்லாண்டு கழித்தும் சில கட்டடங்கள் இறங்குவதன் காரணம் இதனால் விளங்கிற்று. 1923 இல் இதற்குச் சமன்பாடு வகுத்து, 1925 இல் ஜெர்மன் மொழியில் நூலாக வெளியிட்டார். கரிசலின் வீக்கத்திற்குக் கணக்கு வேறு. எனினும் மண்ணின் குணத்தை ஆள்வது அதனுள் உறையும் நீர் என்னும் அடிப்படை அதற்கும் பொருந்தும்.

அவ்வாண்டே அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1929 இல் வியன்னாவில் பேராசிரியரானார். ஆங்கு ஒரு துயரம் நேர்ந்தது. உடன் பணியாற்றிய பவுல் பில்லுங்கர் என்னும் பேராசிரியர், 1936 இல் டெர்சாகியின் கொள்கையைக் கடுமையாகத் தாக்கி நூல் வெளியிட்டார். ஆராய்ந்த குழு டெர்சாகியின் பக்கமே தீர்ப்பு நல்க இருந்த நிலையில், 1937 இல் பில்லுங்கரும் அவர் மனைவியும் உயிர் நீத்தனர். பில்லுங்கரின் ஆய்விலும் மெய்ம்மை இருந்ததைப் பிற்காலத்தார் எடுத்துக்காட்டியுள்ளனர். அறிஞர் பூசல் அவ்வளவு தூரம் சென்றிருக்க வேண்டுவதில்லை.

1938 இல் அமெரிக்கா திரும்பி, ஆர்வார்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பன்னாட்டு மண் விசையியல் கழகத்தின் தலைமையை 1936 முதல் 1957 வரை வகித்தார். புகழ் ஓங்கிய காலத்தும் கள ஆய்வைக் கைவிடவில்லை. கணக்கு கூறுவதைப் பணி நடக்கும்போதே மண்ணில் அளந்து, மாறுபட்டால் திட்டத்தையே மாற்ற வேண்டும் என்பது அவர் கொண்ட நெறி. கனடாவில், அமுங்கும் களிமண் படிவத்தின்மேல் மிசன் அணை எழுந்தது இந்நெறியால்தான். 1963 அக்டோபர் 25 ஆம் நாள் அவர் மறைந்தார். 1965 இல் அவ்வணைக்கு டெர்சாகி அணை எனப் பெயர் சூட்டினர்.