சு. வித்தியானந்தன்

சுப்பிரமணியம் வித்தியானந்தன் (மே 8, 1924 - சனவரி 21, 1989) ஈழத்துத் தமிழறிஞரும் நாடகத் தயாரிப்பாளரும் ஆவார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். ஈழத்துத் தமிழ்க் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தவர் என்பதாலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

கல்வி

யாழ்ப்பாண மாவட்டத்தின் தெல்லிப்பழையை அடுத்த வீமன்காமத்தில் பிறந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சுவாமி விபுலானந்தரிடமும் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையிடமும் தமிழ் பயின்றார். பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் பேராதனையில் தமிழ் கற்பித்தார். 1954இல் வெளிவந்த தமிழர் சால்பு இவரது புகழ்பெற்ற ஆய்வு நூலாகும்.

நாடகப் பணி

தொடக்கத்தில் கணபதிப்பிள்ளை பேச்சுவழக்குத் தமிழில் எழுதிய நாடகங்களையே மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். 1956இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திர மனமே என்னும் சிங்கள நாடகத்தை அரங்கேற்றிப் பெரும் புகழ் ஈட்டினார். அதற்கு அடிப்படையான நாடகம என்னும் கூத்து வடிவம் தமிழ்க் கூத்தின் வழிவந்தது. தமிழரோ தம் கூத்தைப் படிப்பறியாதவர் பொழுதுபோக்கென ஒதுக்கி வைத்திருந்தனர். ஊர்களில் அண்ணாவிமார் வாய்மொழியாகக் காத்துவந்த அக்கலையைக் கற்றோர் கலையாக ஏற்கச் செய்வதே வித்தியானந்தனின் நோக்கமாயிற்று. சிங்களம் மட்டும் சட்டமும் 1958 இனக்கலவரமும் நிகழ்ந்த காலம் அது என்பதையும் இங்கு கருதுதல் வேண்டும்.

மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார் பேராதனை மாணவருக்கு ஆட்டமும் பாட்டும் பயிற்றினார். ஏட்டுக்கல்வி கற்கும் மாணவர் நாட்டுப்புறக் கலைஞரிடம் தாளக்கட்டுப் பயின்றது அந்நாளில் புதுமையே. கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலி வதை (1966) ஆகியவை இவ்வாறு மேடையேறின.

விடிய விடிய ஆடப்படும் கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டது. சுற்றிலும் மக்கள் இருந்து காணும் வட்டக்களரிக்குப் பதிலாக ஒருபுறம் மட்டும் திறந்த மேடையில், ஒளியமைப்புடன் ஆடப்பட்டது. ஆண்களே பெண் வேடமிட்ட கூத்தில் மாணவியரும் ஆடினர். இராவணேசன் பழைய ஏடு ஒன்றின் சுருக்கமன்று, புதிதாக எழுதப்பட்டது. இதில் இராவணன் அவலநாயகனாக வார்க்கப்பட்டான். அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுரு இராவணனாக நடித்தார். இந்நான்கிலும் இதுவே மிகச் சிறந்ததெனலாம்.

இம்மாற்றங்களை எல்லோரும் ஏற்றனர் எனக் கூற இயலாது. களரியைச் சூழ்ந்திருந்த ஊர் மக்களின் பங்கேற்பு மேடையில் இல்லாமற்போயிற்று என்னும் குறை நியாயமானதே. ஆயினும், தெருக்கூத்தை நாடிச் சென்ற கூத்துப்பட்டறை சென்னையில் 1977இல்தான் தோன்றியது என்பதை எண்ணினால் பேராதனை முயற்சியின் முன்னோடித் தன்மை விளங்கும்.

இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராக அண்ணாவிமாரைப் போற்றும் விழாக்களையும் பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகளையும் நடத்தினார். அலங்கார ரூபன் நாடகம் (1962), எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் (1964), மூவிராசாக்கள் நாடகம் (1966), ஞானசவுந்தரி நாடகம் (1967) ஆகியவற்றைப் பதிப்பித்தார். ஏட்டிலேயே அழிந்திருக்கக்கூடிய பனுவல்கள் இவை. மட்டக்களப்பு, மன்னார் நாட்டார் பாடல்களையும் தொகுத்து வெளியிட்டார்.

யாழ்ப்பாணத்தில்

1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்தினார். மாநாட்டைக் கொழும்பில் நடத்துமாறு வந்த அரசின் அழுத்தத்துக்கு இவர் இணங்கவில்லை. சனவரி 10ஆம் நாள் இறுதிப் பொதுக்கூட்டத்தில் காவல்துறையினர் புகுந்தபோது ஒன்பது பேர் உயிரிழந்தனர்.

யாழ்ப்பாண வளாகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமானபோது அதன் முதலாவது துணைவேந்தரானார். இக்காலத்தில்தான் மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து அங்கு கலாநிதிப் பட்டம் பெற்றார். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் மண் சுமந்த மேனியர் நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர் 1985இல் மேடையேற்றினர். நாடகமும் அரங்கியலும் பின்னர் யாழ்ப்பாணத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பட்டப்படிப்புப் பாடமாயின. கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியரான மௌனகுரு அங்கு இராவணேசனைப் புதிய தலைமுறை மாணவரைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார்.