சுப்பாராவ் தந்த மருந்தும் வைரஸ் பரிசோதனையும்
எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தார். குடல் நோய்க்குச் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்று ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அவரது குழுவினர் உருவாக்கிய அமினோப்டெரின், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் சிலருக்குத் தற்காலிக நிவாரணம் அளித்தது. அம்முடிவுகள் வெளியான 1948-லேயே, 53-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அதே வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. புற்றுநோய் மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலையும் குறைப்பதால், உடலில் அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் பெருகக்கூடும். ஆகவே சிகிச்சைக்கு முன்பே ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்யப்படுகிறது. எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகாத நோயாளிகளுக்கு எதிர்ப்பொருள் பரிசோதனை தொற்றைக் காட்டாமல் போகலாம்; அப்போது வைரஸின் மரபுப்பொருளைக் கண்டறியும் பி.சி.ஆர். பரிசோதனை உதவும்.

சிகிச்சை பெறும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தினர், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினால் தாமதமின்றி மருத்துவமனையை அணுக வேண்டும்.