பெர்கின்ஸ் அம்மையார்

லிங்கன், கென்னடி எல்லாம் நமக்குத் தெரியும். பிரான்சிஸ் பெர்கின்ஸ் பற்றி நான் சமீபத்தில்தான் படித்தேன். படிச்சதில இருந்து அவங்க நினைப்பாவே இருக்கு. அதான் எழுதுகிறேன்.

1880-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். கல்லூரி முடித்து, கொஞ்ச காலம் டீச்சராக இருந்தார். பிறகு நியூயார்க்கில் தொழிலாளர்களுக்காக வேலை செய்ய வந்துவிட்டார்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. ஒரு தோழி வீட்டில் டீ குடிக்கப் போயிருந்தார். வெளியே தீயணைப்பு வண்டிச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பத்து மாடிக் கட்டடத்தின் மேல்மாடிகளில் தீ! அது டிரையாங்கிள் என்ற தையல் கம்பெனி. வேலை செய்யும் பெண்கள் துணி திருடிடுவாங்களாம், அதனால ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். தீயணைப்பு ஏணியோ ஆறாவது மாடி வரைதான் எட்டியது. பெண்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். பெர்கின்ஸ் தெருவில் நின்று அதைப் பார்த்தார். இறந்தவர்கள் 146 பேர். அதில் இரண்டு பேருக்கு 14 வயசு. ஒன்பதாம் கிளாஸ் படிக்கிற வயசுங்க!

அதன்பின் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று அலைந்தார். 1933-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரைத் தொழிலாளர் துறை அமைச்சராகக் கூப்பிட்டார். அமெரிக்க மந்திரிசபையில் அவர்தான் முதல் பெண். சும்மா சரி என்று சொல்லவில்லை. குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழிலாளர் தடை என்று ஒரு பட்டியல் போட்டு, இதையெல்லாம் செய்ய விடுவதாக இருந்தால்தான் வருவேன் என்றாராம். ரூஸ்வெல்ட்டும் ஒத்துக்கொண்டார்.

1935-ல் கூலி பற்றிய முந்தைய சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. அம்மையார் அசரவில்லை. புதுச் சட்டத்தின் நகலை ஏற்கனவே எழுதித் தன் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்தார்! பல திருத்தங்களுக்குப் பிறகு 1938 ஜூன் 25-ல் சட்டம் வந்தது. மணிக்கு 25 சென்ட்டுக்குக் குறையக் கூலி தரக்கூடாது. வாரம் 44 மணிக்கு மேல் வேலை என்றால் ஒன்றரை மடங்கு சம்பளம். 16 வயசுக்குக் குறைந்தவர்களுக்குத் தொழிற்சாலை வேலை கூடாது.

ஆனால் எனக்கு ஒரு வருத்தம். வயல் வேலை செய்தவர்களையும் வீட்டு வேலை செய்தவர்களையும் அந்தச் சட்டத்தில் சேர்க்கவில்லை. அதிகம் கஷ்டப்பட்டதே அவங்கதானே?

12 வருஷம் அமைச்சராக இருந்துவிட்டு, 1965-ல் காலமானார். அடுத்த வருஷம்தான் வயல் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரைச் சட்டத்தில் சேர்த்தார்கள். வீட்டு வேலைக்காரர்களுக்கு 1974 வரை ஆகிவிட்டது.