பெரோஸ் காந்தி கேட்ட கணக்கு

எங்க வீட்டுத் தகரப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில் அப்பாவின் எல்.ஐ.சி. பத்திரம் இருக்கிறது. மூட்டை தூக்கின கூலியில் கட்டின பணம். வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான் என்பதால் ரசீதைப் படித்துச் சொல்வது என் வேலை. இந்தப் பணத்துக்கு யாருடா கணக்குக் கேட்பாங்க என்று அப்பா ஒருநாள் கேட்டார். பதில் தெரியவில்லை. நூலகத்தில் தேடியபோது பெரோஸ் காந்தி கிடைத்தார்.

நண்பர்களே, இந்திராவின் கணவர், நேருவின் மருமகன் என்றுதானே அவரை நமக்குத் தெரியும்? 1912-ல் பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். விடுதலைப் போரில் சிறை சென்றார். ரேபரேலிப் பகுதியிலிருந்து 1952-லும் 1957-லும் மக்களவைக்குப் போனார்.

தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியில் மக்கள் பணம் விளையாடப்பட்டதை 1955-ல் அவையில் அம்பலப்படுத்தினார். மறு வருஷமே ஆயுள் காப்பீடு அரசுடைமையாகி எல்.ஐ.சி. பிறந்தது. அரசாங்கத்தின் கைக்கு வந்தாச்சு என்று அவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

1957 ஜூனில் எல்.ஐ.சி., கல்கத்தா முதலாளி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. தன் முதலீட்டுக் குழுவைக்கூடக் கேட்கவில்லை. டிசம்பர் 16 அன்று பெரோஸ் ஆளுங்கட்சி வரிசையிலிருந்தே எழுந்தார். பிரதமரோ சொந்த மாமனார்! வாங்கின விலையையும் சந்தை விலையையும் அடுக்கி, கூடுதலாகக் கொடுத்தது ஏன் என்று கேட்டார். வெறும் ஆவேசப் பேச்சு என்றால் மறுநாளே மறந்திருப்பார்கள். இவர் கையில் கணக்கு இருந்தது.

நீதிபதி எம்.சி.சாக்ளா கமிஷன் அமைந்தது. விசாரணை பொதுமக்கள் முன்னால் நடந்தது. கூட்டம் தாங்காமல் ஒலிபெருக்கி கட்டினார்களாம். அதிகாரிகள் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றது கமிஷன். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, நம்ம சென்னைக்காரர், பதவி விலகினார். முந்த்ரா ஜெயிலுக்குப் போனார்.

இன்னொன்றும் சொல்லணும். அவையில் பேசியதை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைக்குப் பாதுகாப்புத் தந்த 1956 சட்டம், பெரோஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான். நெருக்கடி நிலையில், அவர் மனைவியின் ஆட்சியிலேயே அது ரத்தானது. 1977-ல் திரும்ப வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1960 செப்டம்பர் 8-ல் மாரடைப்பில் போய்விட்டார். 48 வயது முடிய நாலு நாள் பாக்கி.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து கடைசி ரசீதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.